குருவிக்கு ஒரு கதிர்த் தோரணம், அணிலுக்கு ஒரு கடலைச் சரம்... குட்டீஸோடு கட்டலாம் வாங்க!

அரையாண்டுப் பரீட்சை முடிஞ்சாச்சு. லீவு விட்ட ரெண்டாவது நாளே "போர் அடிக்குது" பாட்டு ஆரம்பிச்சிருக்கும். போனைப் பிடுங்கினால் அழுகை, கொடுத்தால் நமக்குக் குற்ற உணர்ச்சி. இதுக்கு நடுவுல இன்ஸ்டாவில் ஒரு ரீல் கண்ணில் பட்டிருக்கும். வெளியே பனி கொட்டுது. ஒரு அம்மாவும் ரெண்டு குட்டிப் பசங்களும் பாப்கார்னையும் பழத்தையும் நூலில் கோத்து மரத்தில் தொங்க விடுறாங்க. பைன் காய் மேல பீநட் பட்டர் தடவி, விதையில் புரட்டி மாட்டுறாங்க. அஞ்சு நிமிஷத்துல செவப்புத் தொண்டைக் குருவி ஒண்ணு வந்து உட்காருது. "நாமளும் செய்யலாமாம்மா?"

தாராளமா செய்யலாம். ஆனா அந்த ரீலை அப்படியே அயனம்பாக்கத்துக்கு இறக்குமதி செய்யக் கூடாது. டிசம்பர்லயும் நம்ம ஊர்ல மதியம் 29 டிகிரி அடிக்கும். பீநட் பட்டர் 11 மணிக்கெல்லாம் இளகி, எறும்பு வரிசை கட்டிடும். பாப்கார்ன் ராத்திரி ஈரத்துல ஊறிப் போயிடும். அதைவிட முக்கியம், தப்பான நூலும் தப்பான தீனியும் நாம விருந்துக்குக் கூப்பிட்ட பறவையையே காயப்படுத்திடலாம். நம்ம ஊர் வெயிலுக்கும் ஈரத்துக்கும், நம்ம ஊர்ப் பறவைகளுக்கும் ஏத்த மாதிரி எப்படிச் செய்யறதுன்னு பார்க்கலாம்.

அங்கே பனி, இங்கே பச்சை

ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இந்த மாலைக்கு ஒரு காரணம் இருக்கு. அங்கே குளிர்காலத்தில் பூச்சி கிடைக்காது, விதையெல்லாம் பனிக்கு அடியில் போயிடும், பகல் நேரமும் குறைவு. நீண்ட இரவில் உடம்புச் சூட்டைத் தக்க வெச்சுக்கச் சின்னப் பறவைகளுக்குக் கொழுப்பு தேவை. அதனால்தான் அங்கே கொழுப்பு உருண்டை, பீநட் பட்டர் எல்லாம்.

நம்ம மார்கழி அதுக்கு நேர் எதிர். வடகிழக்குப் பருவமழை பெய்து முடிஞ்ச நேரம். காலி மனையெல்லாம் புல் முளைச்சு விதை பிடிச்சிருக்கும். பூச்சிக்கும் புழுவுக்கும் பஞ்சமே இல்லை. அதிகாலைக் குளிர்னு நாம சொல்றதே 20 டிகிரியைச் சுத்திதான். ஆக, நாம மாலை கட்டலைன்னா எந்தக் குருவியும் பட்டினி கிடக்கப் போறதில்லை. இதை முதல்லயே மனசில் வெச்சுக்கிட்டா மத்த முடிவெல்லாம் ஈஸி. கொஞ்சமா வைக்கலாம், எப்பவாவது வைக்கலாம், சுத்தமா வைக்கலாம். வருகிற உயிர்களைக் குழந்தை பக்கத்தில் இருந்து பார்க்கணும், அதுதான் இந்த மாலையோட முதல் பயன்.

இது நமக்குப் புதுசு இல்லை

நெல் விளையும் ஊர்களில் அறுவடை நேரத்துல நல்ல கதிரா பார்த்து எடுத்து, கொத்தாகப் பின்னி, வாசல் நிலையிலோ திண்ணை உத்தரத்திலோ தொங்க விடுற வழக்கம் உண்டு. வீட்டுக்கு மங்கலம்னு பெரியவங்க சொல்வாங்க. குருவிகளுக்கு அது சாப்பாட்டுத் தட்டு. கன்னியாகுமரி மாவட்டக் கோயில்களில் நிறைபுத்தரிசி பூஜையில் தரும் நெற்கதிரைக் கொண்டுவந்து வீட்டு வாசலில் கட்டுறவங்க இன்னமும் இருக்காங்க. ஆச்சரியம் என்னன்னா, நார்வேயிலும் இதே கதைதான். கிறிஸ்துமஸ் சமயத்தில் ஓட்ஸ் கதிர்க்கட்டு ஒண்ணைக் கம்பத்திலோ வீட்டு முன்னாலோ பறவைகளுக்காகக் கட்டி வைக்கிறது அவங்க பழைய வழக்கம். அதுக்கு 'யூலநெக்'னு பேர்.

அடுத்து கனுப்பிடி. மாட்டுப் பொங்கல் அன்னிக்குக் காலையில் மொட்டை மாடியிலோ முற்றத்திலோ மஞ்சள் இலையை விரிச்சு, வெள்ளை, மஞ்சள், சிவப்புன்னு கலர் கலரா சாதத்தைச் சின்னச் சின்னப் பிடியா வெச்சு, காக்காய்க்கும் குருவிக்கும் படைப்பாங்க. அண்ணன் தம்பி நல்லா இருக்கணும்னு வீட்டுப் பெண்கள் வைக்கிறது அது. பக்கத்துல நிக்கிற சின்னப் பசங்களுக்கு "காக்கா வந்துச்சா, எதை முதல்ல எடுத்துச்சு?"ங்கிறதுதான் திருவிழா.

மார்கழிக் கோலத்தையும் சேர்த்துக்கலாம். பச்சரிசி மாவில் போட்ட கோலம் எறும்புக்குச் சாப்பாடு. இப்போ கடையில் கிடைக்கிற வெள்ளைக் கோலமாவு பெரும்பாலும் கல் மாவுதான், எறும்பு சீண்டாது. மாலை கட்டுற நாளில் வாசலில் ஒரு சின்ன அரிசி மாவுக் கோலம் போட்டுப் பாருங்க. ஒரு மணி நேரத்தில் எந்தப் புள்ளி முதல்ல காணாமப் போகுதுன்னு குழந்தையைக் கவனிக்கச் சொல்லுங்க.

யார் யார் வருவாங்க?

அயனம்பாக்கத்தில் வீடுன்னா உங்களுக்கு ஏரி ஒரு போனஸ். ஆனா மாலைக்கு வர்ற கூட்டம் வேற, ஏரிக் கூட்டம் வேற. ஏரியில் நீங்க பார்க்கிற கொக்கு, நீர்க்காகம், நாமக்கோழி, வலசை வர்ற வாத்துகள் எதுவும் உங்க பால்கனிக்கு வராது. அவங்களுக்கு மீன், நத்தை, நீர்ப்பூச்சி, நீர்த்தாவரம் எல்லாம் ஏரியிலேயே இருக்கு. அதனால் "வாத்துக்குப் பிரெட் போடலாம்ப்பா"ன்னு பசங்க கேட்டா, வேண்டாம்னு சொல்லுங்க. பிரெட்டில் அதுங்களுக்குத் தேவையான சத்து இல்லை. மிச்சம் தண்ணியில் அழுகும். ஏரிக்கரைக்குப் போனா பார்க்கிறது மட்டும்தான்.

வீட்டுப் பக்கம் வர்றவங்க இவங்கதான்:

* அணில்: முதல் ஆள் இவர்தான், சந்தேகமே வேண்டாம். முதுகில் மூணு கோடு. கடலை, கொய்யா எதுவா இருந்தாலும் ஓகே.
* காகம்: வந்ததும் எல்லாருக்கும் நியூஸ் சொல்லிடும்.
* மைனா: மஞ்சள் கண் பட்டை, மஞ்சள் கால். பழம்னா ஓடி வரும்.
* கொண்டைக்குருவி: சின்னான்னும் சொல்வாங்க. கறுப்புத் தலை, வாலுக்கு அடியில் சிவப்பு. கனிஞ்ச பழம்னா விடாது.
* பச்சைக்கிளி: பச்சை மிளகாய், சோளம், கொய்யா, கடலை.
* தவிட்டுக்குருவி: ஏழெட்டுப் பேரா கூட்டமா வந்து கீழே சிந்தினதைக் கிளறும்.
* சிட்டுக்குருவி, சில்லை: தானியம், கதிர். எல்லாத் தெருவிலும் வராது. வந்தா கொண்டாடுங்க.
* குயில்: குரல் மட்டும் கேட்கும். பழம் கனிஞ்சிருந்தா சில நேரம் ஆளும் தெரியும்.

தேன்சிட்டு பால்கனிப் பக்கம் வரும், ஆனா மாலைக்கு இல்லை. செம்பருத்திப் பூவுக்கு. அதுக்காகச் சர்க்கரைத் தண்ணி எல்லாம் வைக்க வேண்டாம். செடி வெச்சாலே போதும்.

எல்லாத்தையும் விட நார் முக்கியம்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கிட்டுப் போறதா இருந்தா, இதை எடுத்துக்குங்க. மாலையை எதில் கட்டுறீங்கங்கிறது, மாலையில் என்ன இருக்குங்கிறதைவிட முக்கியம்.

நைலான் நூல், தூண்டில் நரம்பு, பாலிஸ்டர் தையல் நூல், ஜிகினா ரிப்பன், ரப்பர் பேண்ட் எதுவும் வேண்டாம். இதெல்லாம் பறவையோட காலில் சுத்தினா அறுந்து விழாது. உதற உதற இன்னும் இறுகும். ரத்த ஓட்டம் நின்னு விரலோ காலோ போயிடும். நகரத்துப் புறாக்களில் விரல் இல்லாததைப் பார்த்திருப்பீங்க. தெருவில் கிடக்கிற நூலும் தலைமுடியும் காலில் சுத்திக்கிறது அதுக்கு முக்கியமான காரணங்களில் ஒண்ணு. கண்ணாடித் தூள் பூசின மாஞ்சா நூல் சென்னையில் தடை செய்யப்பட்டதும் இப்படிப்பட்ட ஆபத்துக்காகத்தான். அது மனுஷங்க கழுத்தையே அறுத்திருக்கு, பறவை எம்மாத்திரம்!

நமக்கு வாழைநார் இருக்கே! காய்ஞ்ச வாழைமட்டையில் கிழிச்ச நார், பூக்கட்டுறவங்க பயன்படுத்துறது. பூ விக்கிற அக்காகிட்ட கேட்டா ஒரு கத்தை கொடுப்பாங்க. கோயம்பேடு பூ மார்க்கெட் போனா கட்டாவே வாங்கலாம். பத்து நிமிஷம் தண்ணியில் ஊற வெச்சா வளையும். காய்ஞ்சதும் இறுகும். வேகமா இழுத்தா அறுந்துடும். அந்த அறுந்துபோற குணம்தான் நமக்கு வேணும். கீழே விழுந்தாலும் மண்ணோட மண்ணாகிடும். நார் கிடைக்கலைன்னா மெல்லிய சணல் கயிறு. அதையும் சுருக்கு, வளையம் எதுவும் இல்லாம, ஒரு முழத்துக்கு மேல போகாம நேரா தொங்கவிடுங்க.

ஊசியும் வேண்டாம். தென்னை ஈர்க்குச்சி போதும். பழத் துண்டில் ஓட்டை போட அதுவே சரி. கூரான முனையை மட்டும் நீங்க கிள்ளிடுங்க.

மாலை 1: கடலைச் சரம் (நாலு வயசுக்கு மேல்)

தேவை: தோலோடு இருக்கிற பச்சை அல்லது காய்ஞ்ச நிலக்கடலை 15, ஊறின வாழைநார் ஒரு முழம்.

கடலைக்கு நடுவுல ஒரு இடுப்பு இருக்கு பாருங்க, அங்கேதான் முடிச்சு. நாரை இடுப்பில் ஒரு சுத்து சுத்தி, ஒரு முடி. ரெண்டு விரல் இடைவெளி விட்டு அடுத்தது. மல்லிப்பூ கட்டத் தெரிஞ்ச பாட்டி வீட்டில் இருந்தா டீச்சர் வேலையை அவங்ககிட்ட கொடுத்துடுங்க. பூக்கட்டுற முடிச்சுக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. பூ நசுங்கும், கடலை நசுங்காது.

உப்புக் கடலை, மசாலாக் கடலை, வறுத்து உப்பு போட்ட வேர்க்கடலை கூடவே கூடாது. கட்டுறதுக்கு முன்னால ஒவ்வொரு கடலையையும் பாருங்க. கறுத்தது, பூஞ்சை வாசனை அடிக்கிறது, தோல் சுருங்கினது எல்லாம் குப்பைக்கு. கெட்டுப்போன கடலையில் அஃப்ளாடாக்சின்கிற நஞ்சு உருவாகும். அது பறவைக்கும் ஆகாது, நமக்கும் ஆகாது.

மாலை 2: பழச் சரம் (மூணு வயசுக்கு மேல், பெரியவங்க பக்கத்தில்)

தேவை: கொய்யா, கெட்டியான பப்பாளி, விதை எடுத்த ஆப்பிள், வட்டமா நறுக்கின மக்காச்சோளம். எல்லாம் சேர்த்து 8 துண்டு போதும்.

நறுக்கறதும், சோளத்தோட நடுத்தண்டில் ஓட்டை போடறதும் உங்க வேலை. சீக்குவென்ஸ் முடிவு பண்றது குழந்தை வேலை. ஒரு கொய்யா, ஒரு பப்பாளி, ஒரு சோளம், மறுபடி கொய்யான்னு கோக்கும்போதே கணக்குப் பாடம் ஒண்ணு முடிஞ்சிடும். ஒவ்வொரு துண்டுக்குக் கீழேயும் நாரில் ஒரு முடி போட்டா வழுக்கி இறங்காது. வாழைப்பழம் குழையும். அதைச் சரத்தில் கோக்காம, தோலோட பாதியா வெட்டி ஒரு சிரட்டையில் வெச்சிடுங்க.

கிளி வர்ற வீடுன்னா நுனியில் ரெண்டு பச்சை மிளகாய் கட்டுங்க. மிளகாயோட காரம் பறவைகளுக்கு உறைக்காது, அந்தக் காரத்தை உணர்ற அமைப்பு அதுங்களுக்கு நம்மள மாதிரி இல்லை. அணிலுக்கு உறைக்கும். "ஏன் அணில் மிளகாயைத் தொடலை?"ன்னு குழந்தை கேட்டா நீங்க ஒரு சயின்ஸ் கிளாஸ் எடுக்கலாம். மிளகாயைக் கட்டுறது மட்டும் பெரியவங்க கை. பிஞ்சு விரல் கண்ணுக்குப் போனா அன்னிக்கு லீவு கொண்டாட்டம் அதோட முடிஞ்சுது.

மாலை 3: கதிர்த் தோரணம் (எல்லா வயசும்)

தேவை: நெற்கதிர் அல்லது கம்புக் கதிர் 10 முதல் 15.

திருநின்றவூர், திருவள்ளூர் பக்கம் சொந்தக்காரங்க இருந்தா வயலில் கேட்டு வாங்கலாம். தை பிறக்கும்போது சம்பா அறுவடை வரும். பறவைத் தீனிக் கடைகளில் தினைக் கதிர் கிடைக்கும். கதிர் தலைகீழா தொங்குற மாதிரி தாளை மூணு மூணா சேர்த்து சடை பின்னுங்க. சடை பின்னத் தெரியாத குட்டிகள் தாளை ஒண்ணு சேர்த்துப் பிடிச்சுக்கட்டும், நீங்க நாரால் சுத்துங்க. வயலில் பூச்சி மருந்து அடிச்சு எத்தனை நாளாச்சுன்னு கேட்டுட்டு வாங்குங்க. சமீபத்தில் அடிச்சதுன்னா வேண்டாம்.

மூணு மாலையில் அதிக நாள் தாங்குறது இதுதான். மழை படாத இடமா இருந்தா ஒரு வாரம் வரைக்கும் இருக்கும்.

யாருக்கு என்ன வேலை?

* 2 - 3 வயசு: பழத்துண்டைக் கலர் வாரியா பிரிக்கிறது, கதிரைத் தொட்டுப் பார்க்கிறது, நாரைத் தண்ணியில் அமுக்குறது. கடலை இவங்க கைக்கு வேண்டாம். தொண்டையில் சிக்கும்.
* 4 - 5 வயசு: முடி போடுறது, ஈர்க்குச்சியால் ஓட்டை போடுறது, மாலையை மாட்டுற இடம் தேர்ந்தெடுக்கிறது.
* 6 - 8 வயசு: நோட்டுப் போட்டு யார் வந்தா, எத்தனை மணிக்கு, எதை முதல்ல சாப்பிட்டான்னு எழுதுறது.

பக்கத்து வீட்டுக் குழந்தைகளும் சேர்ந்தா யாருக்காவது கடலை அலர்ஜி இருக்கான்னு அவங்க அம்மாகிட்ட கேட்டுடுங்க. முடிச்சதும் எல்லாரும் சோப்புப் போட்டுக் கை கழுவணும். மாலையைக் கழட்டும்போது மறுபடியும் கழுவணும். பறவை எச்சத்தில் சால்மோனெல்லா மாதிரி கிருமிகள் இருக்கலாம்.

எங்கே, எப்போ, எவ்வளவு நேரம்?

காலை 6 மணியிலிருந்து 8 மணி வரை பறவைகளுக்கு டிபன் டைம். ஆறரைக்கு மாட்டிடுங்க. பூனை எட்டாத உயரம், பக்கத்தில் பறந்து ஒளிய ஒரு மரமோ புதரோ இருந்தா நல்லது. பெரிய கண்ணாடி ஜன்னலுக்கு எதிரே வேண்டாம், பிம்பத்தைப் பார்த்து மோதிடும். கரன்ட் ஒயர், கேபிள் ஒயர் பக்கமே போகாதீங்க. சீலிங் ஃபேன் ஓடுற பால்கனியும் வேண்டாம்.

பழச் சரத்தை மதியத்துக்குள்ள எடுத்துடுங்க. கடலைச் சரத்தைப் பொழுது சாயறதுக்குள்ள. ராத்திரி பழம் தொங்கினா வௌவால் வரும். வௌவால் வர்றது தப்பில்லை, அதுவும் விதை பரப்புற நல்ல ஜீவன்தான். ஆனா அது கடிச்ச பழத்தை மறுநாள் குழந்தை எடுத்து வாயில் வெச்சிடக் கூடாது. நிபா வைரஸ் பழந்தின்னி வௌவால்கள் வழியா பரவக்கூடியதுன்னு 2018-ல் கேரளாவில் பார்த்தோம். கூடவே எலித் தொல்லையும் ராத்திரிதான். கீழே சிந்தினதைக் கூட்டி அள்ளிடுங்க.

மழை பெய்தா எல்லா மாலையையும் கழட்டிடுங்க. நனைஞ்ச தானியம் ஒரே நாளில் பூஞ்சை பிடிக்கும்.

இதெல்லாம் வேண்டவே வேண்டாம்

* மிக்ஸர், முறுக்கு, சிப்ஸ், பிஸ்கட். உப்பும் எண்ணெயும் பறவை உடம்புக்கு ஒத்துக்காது.
* சாக்லேட், அவகாடோ. பறவைகளுக்கு நஞ்சு.
* தேன், வெல்லப் பாகு, நெய். இறகில் ஒட்டினால் சுத்தம் பண்ண முடியாம தவிக்கும்.
* ஆப்பிள் விதை, வெங்காயம்.
* நேத்து வெச்ச சாதம், உப்புப் போட்ட பொங்கல். காக்காய்க்குச் சாதம் வைக்கிற வீடுன்னா உப்பில்லாம, ஒரு பிடி, அப்போதே.
* கலர் சாயம், கிளிட்டர், பிளாஸ்டிக் மணி. அழகுக்குக்கூட வேண்டாம்.

செக்ரட்டரி சண்டைக்கு வந்தா?

வருவார். நியாயமும் இருக்கும். அபார்ட்மென்ட்டில் தினமும் தானியம் இறைச்சா வர்றது சிட்டுக்குருவி இல்லை, மாடப்புறா. ஒண்ணு வந்து, பத்தாகி, நூறாகும். ஏசி அவுட்டோர் யூனிட் மேல எல்லாம் எச்சம். காய்ஞ்ச எச்சத்தோட தூசியைத் தொடர்ந்து சுவாசிக்கிற சிலருக்கு நுரையீரல் அழற்சி வர வாய்ப்பு உண்டு. 2025-ல் மும்பையில் புறாக்களுக்குப் பொது இடத்தில் தீனி போடுறதைத் தடுத்து, தாதரில் இருந்த பழைய கபூதர்கானாவைத் தார்ப்பாய் போட்டு மூடினாங்க. விவகாரம் உயர் நீதிமன்றம் வரைக்கும் போச்சு.

அதனால் தரையில் தானியம் இறைக்காதீங்க. தொங்குற சரத்தைப் பிடிச்சுச் சாப்பிடுறது அணிலுக்கும் கிளிக்கும் கைவந்த கலை. உடம்பு கனமான புறாவுக்கு அது சிரமம். கீழ் வீட்டுக்காரங்க துணி காயப்போடுற கொடிக்கு மேலேயோ, கார் நிறுத்துற இடத்துக்கு மேலேயோ மாட்டாதீங்க. எச்சம் இருந்தா காய்ஞ்சதைப் பெருக்காம, தண்ணி தெளிச்சு நனைச்சு, மாஸ்க் போட்டுத் துடைங்க. இதுவும் மாலை கட்டுற வேலையில் ஒரு பாதிதான்னு குழந்தைக்குத் தெரியணும்.

தினமும் வைக்கலாமே?

குழந்தை கேட்கிற அடுத்த கேள்வி இதுவாத்தான் இருக்கும். இங்கே ராயப்பேட்டை ஜோசப் சேகர் கதையைச் சொல்லலாம். கேமரா பழுதுபார்க்கிறவர். 2004 சுனாமிக்குப் பிறகு மாடியில் கொஞ்சம் அரிசி வைக்க ஆரம்பிச்சார். கிளிகள் வந்தன. வருஷங்கள் போகப் போக ஆயிரக்கணக்கில் வர ஆரம்பிச்சு, ஊரே நின்னு பார்க்கிற காட்சியாச்சு. அதுக்காக அவர் தினமும் அரிசியை ஊற வெச்சு, பலகைகளில் பரப்பி, மறுபடி கழுவி எடுத்தார். மழை, காய்ச்சல், பண்டிகைன்னு லீவு கிடையாது. ஒரு மனுஷரோட வாழ்க்கையே அந்த அட்டவணைக்குள்ள வந்துடுச்சு.

நம்மளால அது முடியுமா? பொங்கலுக்கு ஊருக்குப் போவோம், ஸ்கூல் திறந்தா காலையில் தலைவாரவே நேரம் இருக்காது. தினமும் கொடுத்துப் பழக்கிட்டுத் திடீர்னு நிறுத்துறது நல்ல விருந்தோம்பல் இல்லை. அதனால் வாரத்துக்கு ஒரு நாள், அதிகபட்சம் ரெண்டு. மார்கழி, தை முடிஞ்சதும் மாலைக்கு விடுமுறை. "பிடிச்சவங்களுக்கு நிறைய கொடுக்கிறது மட்டும் அன்பு இல்லை, அவங்க அவங்களா வாழ விடுறதும் அன்பு"ங்கிறதை அஞ்சு வயசில் புரியவைக்க இதைவிட லேசான வழி கிடைக்காது.

இன்னொண்ணு. கிளி பக்கத்தில் வந்து உட்கார்ந்தா "பிடிச்சு வளர்க்கலாமா?"ன்னு கேட்பாங்க. பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்க்கிறது 1972-ம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கூண்டு இல்லாமலே அது நம்ம மாலைக்கு வருதுங்கிறதுதான் பெருமைன்னு சொல்லுங்க.

எதுவுமே வரலைன்னா?

முதல் நாள் பெரும்பாலும் யாரும் வரமாட்டாங்க. புது பொருளைப் பறவைகள் தூரத்திலிருந்து ரெண்டு மூணு நாள் நோட்டம் விடும். குழந்தை முகம் வாடும். "நீ புது வீட்டுக்குப் போனா உடனே சாப்பிடுவியா?"ன்னு கேளுங்க, புரிஞ்சுக்கும். ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் மாட்டுங்க. கதவை மூடிட்டு உள்ளே இருந்து பாருங்க.

வந்ததும் போனைத் தாராளமா எடுக்கலாம், இது நல்ல ஸ்கிரீன் டைம். மெர்லின் ஆப்பில் போட்டோ போட்டா பறவை பேரைச் சொல்லும். பார்த்த பட்டியலை இ-பேர்டில் ஏத்தலாம். பொங்கல் விடுமுறை நாள்களில் தமிழ்நாடு முழுக்கப் பறவை ஆர்வலர்கள் சேர்ந்து பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடத்துறாங்க. 15 நிமிஷம் ஒரு இடத்தில் இருந்து, பார்த்த பறவைகளை எண்ணிப் பதிவு செஞ்சா போதும். உங்க பால்கனியும் கணக்குதான், அயனம்பாக்கம் ஏரிக்கரையும் கணக்குதான். ரெண்டு காகமும் ஒரு மைனாவும்தான் வந்துச்சுன்னாலும் அது உண்மையான தகவல்.

மாலைக்கு அப்புறம்

நம்ம ஊர்ப் பறவைகளுக்கு நிஜமான கஷ்ட காலம் சித்திரை, வைகாசி. அப்போ தேவை தண்ணி. அகலமான, ஆழம் குறைஞ்ச மண் தட்டில் ரெண்டு அங்குலத்துக்கு மேல போகாம தண்ணி, நடுவுல நிற்க ஒரு கல். தினமும் தேய்ச்சுக் கழுவி மாத்தணும், இல்லைன்னா கொசு. மார்கழியில் மாலை கட்டின கை மேயில் தண்ணி ஊத்தினா அதுதான் முழு வட்டம்.

இன்னும் ஒரு படி போகணும்னா, வாடாத மாலை ஒண்ணு இருக்கு: செடி. கறிவேப்பிலையைப் பறிச்சுக்கிட்டே இருக்காம ஒரு கிளையைப் பழுக்க விடுங்க. கறுப்புப் பழத்துக்குக் குயிலும் சின்னானும் வரும். தொட்டியில் ஒரு பிடி கம்பு தூவினா சுமார் மூணு மாசத்துல கதிர் முத்தும். ஐப்பசியில் விதைச்சா பொங்கலுக்குச் சொந்தக் கதிர்த் தோரணம் ரெடி. சிட்டுக்குருவிக் குஞ்சுக்குப் பூச்சிதான் சாப்பாடு, அதனால் செடிக்கு மருந்து அடிக்காம இருக்கிறதே பெரிய உதவி.

கூடும் கட்டலாம். சென்னையில் கூடுகள் அறக்கட்டளை பள்ளிக் குழந்தைகளைக் கொண்டே சிட்டுக்குருவிகளுக்கு மரக்கூடு செய்ய வைக்கிறாங்க. நாலு வருஷத்தில் 10,000 கூடுகள் தயாரிச்சதா 2024 நவம்பர் 'மனதின் குரல்' வானொலி உரையில் பிரதமர் குறிப்பிட்டார். மார்ச் 20 உலகச் சிட்டுக்குருவி தினம். அதுக்குள்ள ஒரு கூடு மாட்டினா சரியா இருக்கும்.

நாளைக்குக் காலையில் தொடங்கணுமா? இன்னிக்கு சாயங்காலம் பூக்கார அக்காகிட்ட ஒரு கத்தை வாழைநாரும், மளிகைக் கடையில் கால் கிலோ தோலோட நிலக்கடலையும் வாங்கி வெச்சிடுங்க. அலாரம் ஆறு மணிக்கு!